சுழி பார்த்தால் போதுமா?

திண்டுக்கல்லில் பூட்டு வாங்குகிறவர், சாவியை நாலு தடவை திருப்பிப் பார்க்காமல் காசை எடுக்க மாட்டார். அதே மனிதர் பந்தயத்துக்குக் குதிரை வாங்கப் போனால் சுழியைப் பார்க்கிறார், நிறத்தைப் பார்க்கிறார், கொட்டுச் சத்தத்துக்கு அது ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார். காலைப் பார்ப்பதில்லை!

திண்டுக்கல்லுக்குக் குதிரை புதிதல்ல. 1755-ல் ஐதர் அலி பவுஜ்தாராக வந்து படை திரட்டிய சீமை இது. ஜட்கா வண்டிகள் மறைந்த பிறகும், கோயில் திருவிழாக்களில் நடக்கும் வண்டிப் பந்தயத்துக்காகக் குதிரை வாங்குகிறவர்கள் தென்மாவட்டங்களில் இருக்கிறார்கள். ஆடி மாதம் பிறந்தால் அவர்கள் கண் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைப் பக்கம் திரும்பும். காது நுனி உள்ளே வளைந்த மார்வாரி, கத்தியவார் குதிரைகள் அங்கே வரும். விலை லட்சங்களில் பேசப்படும்.

இத்தனை பணம் கொடுத்து எதை வாங்குவது? வேகத்தை என்பார்கள். வேகம் என்றால் என்ன என்பதில்தான் பிசகு.

அமெரிக்காவில் ஒரு பந்தயம் உண்டு. 21 அடிக்கு ஒன்றாக ஆறு கம்பங்களை வரிசையாக நிறுத்துவார்கள். குதிரை ஒரு பக்கமாகக் கடைசிக் கம்பம் வரை ஓடித் திரும்பி, கம்பங்களுக்கு ஊடே பாம்பு போல வளைந்து வந்து, மறுபடி வளைந்து போய், நேராக ஓடி வந்து சேரவேண்டும். தேர்ந்த குதிரைக்கு 20 விநாடி அளவே ஆகும். ஒரு கம்பம் விழுந்தால் 5 விநாடி கூட்டிவிடுவார்கள். அங்கே நாலுகால் பாய்ச்சல் மட்டும் கைகொடுக்காது. திரும்பத் தெரிய வேண்டும். அடங்கத் தெரிய வேண்டும். ஜனநெருக்கடியில் தார் ரோட்டில் ஓடும் நம் வண்டிக் குதிரைக்கும் இது பொருந்தாதா? கடிவாளத்தை இழுத்தும் நிற்காத குதிரை, வண்டியில் இருக்கும் பையனின் உயிருக்கே உலை வைக்கும். ஆகவே ஓடவிட்டுப் பார்க்கிறவர், நிறுத்தியும் பார்க்கவேண்டும்.

கெட்டித் தரையில் துள்ளுநடை போடச் சொன்னால் பாதிக் குறை வெளிப்பட்டுவிடும். முன்காலில் நோவு இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். குளம்பைத் தொட்டால் ஒரு கால் மட்டும் சுடுகிறதா? அடுத்த குதிரைக்குப் போய்விடலாம். வலி தெரியாமல் ஊசி போட்டு நிறுத்துகிறவர்களும் உண்டு. அதனால் சொல்லாமல் கொள்ளாமல் மறுநாள் காலையில் போய், கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்தவுடன் நடக்கவிட்டுப் பார்ப்பது நல்லது.

வயது விஷயத்தில் தரகர் வாக்கு வேண்டாம்; பல் சொல்லும். முன்பற்களில் பால்பல் மிச்சமிருந்தால் ஐந்து வயது நிரம்பவில்லை என்று அர்த்தம். எலும்பு முற்றாத குட்டியைப் பந்தயத்தில் பூட்டி, இரண்டே வருஷத்தில் நொண்டியாக்குவது பாவம் மட்டுமல்ல, பணநஷ்டமும்கூட.

குதிரையை வாங்கிச் சாகடிக்கும் பழக்கம் பாண்டிய நாட்டுக்குப் பழையதுதான். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, கப்பல் கப்பலாக வந்திறங்கிய குதிரைகள் லாடம் அடிக்கவும் வைத்தியம் செய்யவும் ஆளில்லாமல் மாண்டுபோனதை எழுதிவைத்திருக்கிறார். இப்போது கால்நடை மருத்துவர் இருக்கிறார். கிளாண்டர்ஸ் என்னும் கொடிய நோய் குதிரையிலிருந்து மனிதனுக்கும் தொற்றும். அது இல்லை என்பதற்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டு கேட்க வாங்குகிறவருக்கு உரிமை உண்டு. ஆனால் துண்டுக்குள் விரலைப் பிடித்து லட்சத்துக்கு மேல் லட்சம் ஏற்றுகிற கை, டாக்டருக்குக் கொடுக்கவேண்டிய தொகையைக் கேட்டதும் மடியைத் தடவுகிறது. சுழி பார்க்க வந்தவருக்கு மட்டும் சாப்பாடு, வெற்றிலை, போகவர பஸ் சார்ஜ் எல்லாம் உண்டு!