துப்பட்டாவின் முடிச்சு

காலை எட்டரை மணி சுமாருக்குத் தரமணி ரயில் நிலையத்திலிருந்து ராஜீவ் காந்தி சாலையை நோக்கி நடந்து செல்பவர் எவரும் தினந்தோறும் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு: வேளச்சேரிப் பக்கமிருந்தும் மடிப்பாக்கத்திலிருந்தும் ஸ்கூட்டியில் வருகிற இளம்பெண்கள், கண் இரண்டு மட்டுமே வெளியே தெரியும்படி துப்பட்டாவால் தலை, நெற்றி, மூக்கு, கழுத்து என அனைத்தையும் சுற்றி, பிடரியில் ஒரு முடிச்சுப் போட்டு, அதன்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு வந்து, அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திய மாத்திரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றி, முடிச்சை அவிழ்த்து, துணியை ஓர் உதறு உதறி மடித்துப் பைக்குள் வைத்து, வண்டிக் கண்ணாடியில் ஒருமுறை முகம் பார்த்துக் கூந்தலைச் சரிசெய்துகொண்டு உள்ளே போகிறார்கள். தூசிக்காகவும் வெயிலுக்காகவும் கட்டிய துணி அது. கட்டு என்று ஆணையிட்டவர் இல்லை. அவிழ்த்ததற்கு விளக்கம் கேட்பவரும் இல்லை. பல வருஷங்களாக இதைப் பார்த்து வந்திருந்தும், இதில் நின்று பார்க்க ஏதோ இருக்கிறதென்று எனக்குத் தோன்றியது 2022-ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில்தான்.

அந்த வாரம் கஜகஸ்தானத்தின் அல்மாட்டி நகரில் உலக ரேபிட், பிளிட்ஸ் சதுரங்கப் போட்டிகள் நடைபெற்றன. நம் சென்னையைச் சேர்ந்த 15 வயதுச் சிறுமி சவிதா ஸ்ரீ மகளிர் ரேபிட் பிரிவில் வெண்கலப் பதக்கம் பெற்ற செய்தியை நாமெல்லோரும் சந்தோஷத்தோடு படித்தோம். அதே போட்டியில் ஈரான் தேசத்துச் சாரா காதெம் என்ற 25 வயதுப் பெண்மணி, தம் நாட்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருந்த தலைத்துணியின்றி, கூந்தல் தோளில் விழ உட்கார்ந்து காய்களை நகர்த்திக்கொண்டிருந்தார். 2018-இல் இதே உலகப் போட்டிகளின் ரேபிட், பிளிட்ஸ் இரண்டிலுமே வெள்ளிப் பதக்கம் வென்றவர் அவர். இந்த அல்மாட்டிப் போட்டிக்குச் சுமார் மூன்று மாதங்களுக்கு முன், தலைத்துணியைச் சரியாக அணியவில்லை என்ற குற்றச்சாட்டின்பேரில் டெஹ்ரானில் ஒழுக்கக் காவலர்களால் பிடித்துச் செல்லப்பட்ட மஹ்ஸா அமினி என்ற 22 வயதுக் குர்திஷ் பெண், செப்டம்பர் 16 அன்று உயிரிழந்திருந்தார். நாடெங்கும் பெண்கள் துணியைக் கழற்றித் தீயிலிட்டு, பெண், வாழ்வு, விடுதலை என்று முழங்கியபடி வீதிக்கு வந்ததும், நூற்றுக்கணக்கானோர் அந்த வீதிகளிலேயே மாண்டதும் உலகறிந்த விஷயம். அந்த வேளையில் சர்வதேசக் கேமராக்களுக்கு முன்னால் ஒரு பெண் தலையில் துணியின்றி உட்கார்வது என்பதன் பொருள் அவருக்கும் தெரியும், டெஹ்ரானில் இருந்த அவருடைய உற்றாருக்கும் தெரியும்.

பின்னர் ஸ்பெயின் தேசத்துப் பத்திரிகையொன்றுக்கு அளித்த பேட்டியில் அவர் சொன்ன காரணம்தான் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. பெரிய சித்தாந்தம் எதையும் அவர் பேசவில்லை. முந்தைய போட்டிகளில் தேசத்தின் பிரதிநிதியாகச் சென்றதால், கேமரா இருக்கும் சமயங்களில் மட்டும் துணியை அணிந்து வந்ததாகவும், அதை அணிந்திருக்கையில் தாம் தாமாக இல்லை என்று உணர்ந்ததாகவும், அந்த நிலைமைக்கு ஒரு முடிவு கட்ட விரும்பியதாகவும் மட்டுமே கூறினார். கேமரா இருக்கும்போது ஒருத்தி, கேமரா நகர்ந்தவுடன் வேறொருத்தி என்று ஒரே உடம்புக்குள் இரண்டு பேராகச் சிறுவயது முதல் வாழ நேர்வது எத்தகைய களைப்பு என்பதை, அதே விதமாக வாழ்ந்தவர்களே அறிவார்கள்.

அப்படி வாழ்கிறவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. என் மனைவியின் தங்கை மகள் தென்காசியிலிருந்து வந்து, தரமணியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறும்போது ஜீன்ஸ் அணிந்திருப்பாள். விடிந்து ராஜபாளையம் தாண்டியதும் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் பெட்டியின் கழிவறைக்குள் சென்று, சுடிதாரும் துப்பட்டாவுமாகத் திரும்பி வருவாள். அந்தப் பெட்டியில் அவள் ஒருத்திதான் அப்படிச் செய்கிறாள் என்று எண்ணிவிடவேண்டாம். கழிவறை வாசலில் வரிசை நிற்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அவள் தந்தை கொடுமைக்காரர் அல்லர். மகளைப் பொறியியல் படிக்க வைத்து, தனியாகப் பட்டணத்துக்கு அனுப்பிய நல்ல மனிதர். தெருவின் கண்களுக்கு அவரும் பயப்படுகிறார். ஈரானில் சட்டமும் சிறையும் செய்கிற காரியத்தோடு இதை ஒரே தராசில் வைப்பது அபசாரம் என்பதை நான் அறிவேன். தென்காசி ஸ்டேஷனில் ஜீன்ஸோடு இறங்கினால் எவரும் சவுக்கால் அடிக்கப்போவதில்லை. ஆயினும் இரண்டு பேராக வாழும் களைப்பு எப்படியிருக்கும் என்று அறிய விரும்புகிற தமிழ் வாசகர் டெஹ்ரான்வரை பிரயாணம் செய்யவேண்டிய அவசியமில்லை.

சாரா காதெமுக்குத் தாயகம் திரும்பவேண்டாம் என்று தொலைபேசியில் எச்சரிக்கைகள் வந்தன. சினிமா டைரக்டரான கணவரோடும் ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தையோடும் அவர் 2023 ஜனவரியில் ஸ்பெயின் சென்றடைந்தார். அந்நாட்டின் பிரதமர் பேத்ரோ சாஞ்சேஸ் அந்த மாதமே அவரை வரவழைத்து எதிரில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடினார். ஜூலை மாதம் அந்நாட்டு மந்திரிசபை, அசாதாரணமான சந்தர்ப்பம் என்று கருதி, அவருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. தம் குழந்தை கவலையின்றி வீதியில் இறங்கி விளையாடவேண்டும் என்பதே புதிய தேசத்திடம் அவர் எதிர்பார்த்ததாகப் பத்திரிகைகள் எழுதின. எவ்வளவு சிறிய ஆசை! சாலையில் காரணமின்றி நிற்பதும், குழந்தையின் கையைப் பிடித்துக் கடைக்கு நடப்பதும், காற்றில் கூந்தல் கலைந்தால் அதைப் பற்றி நினையாமல் இருப்பதும் இதுவரை கிடைக்காதவர்களுக்கே சுதந்திரம் என்ற பெயரில் தெரிகின்றன. கிடைத்தவர்களாகிய நாம் அவற்றுக்குப் பெயரே வைப்பதில்லை.

அவர் போய்ச் சேர்ந்த தேசம் ஸ்பெயினாக அமைந்ததில் சதுரங்கத்தை நேசிப்பவர்களுக்கு ஒரு விசேஷ அர்த்தம் புலப்படும். நம் நாட்டில் சதுரங்கம் என்று பிறந்த இந்த ஆட்டம் பாரசீகத்துக்குச் சென்று சத்ரங்க் ஆகி, ‘ஷா’ என்ற அரசனின் பெயரைச் சூடிக்கொண்டு, அரபியர் வழியே ஐரோப்பாவை அடைந்தது. அரசனுக்கு அருகில் நிற்கும் காயை நம் பெரியவர்கள் இன்றும் மந்திரி என்றே சொல்வார்கள். பாரசீகத்திலும் அது மந்திரிதான், மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகரக்கூடிய பலவீனமான காய். ஐரோப்பாவில் அது ராணியாகி, பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினின் வாலென்சியா நகரத்தில்தான், எல்லாத் திசைகளிலும் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் பாயும் இன்றைய வல்லமையைப் பெற்றதாகச் சொல்வார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பாரசீகத்துப் பெண்ணொருத்தி அதே தேசத்தில் போய் இறங்கி, அந்தத் தேசத்தின் கொடியின்கீழ் ஆடுகிறாள்.

இருந்தபோதிலும், அவரைப் பாக்கியசாலி என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பிறந்த ஊரின் தெருவும் சுற்றமும் தாய்மொழி பேசும் கடைவீதியும் ஒரே நாளில் கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டன. இந்தத் துக்கத்தைத் தமிழர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1983 முதல் கடல் கடந்து வந்தவர்களைக் கண்ட கரை இது. அங்கே ஏழு மாதங்களுக்குள் ஒரு தேசம் பிரஜாவுரிமை அளித்தது. இங்கோ, 1951-ஆம் ஆண்டின் சர்வதேச அகதிகள் உடன்படிக்கையில் நம் நாடு இதுவரை கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலேயே பிறந்து, இங்கேயே தமிழில் படித்துப் பட்டம் வாங்கி, இந்த மண்ணைத் தவிர வேறு மண்ணைக் கண்டிராத பெண்கள், ஆள் கணக்கெடுக்கும் நாளில் ஆஜராகிப் பெயர் கொடுத்துவிட்டு, பாஸ்போர்ட் இல்லாத காரணத்தால் வெளிநாட்டு வேலைகளைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஈரானியப் பெண்ணுக்கு இரங்கும் மனம் உண்மையான மனமானால், அந்த இரக்கம் கும்மிடிப்பூண்டி முகாம் வரையிலாவது வந்து சேரவேண்டும். அகதிகளுக்கான சட்டமொன்றை நம் பாராளுமன்றம் இயற்றவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

துணியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஈரானியப் பெண்களின் கதையை எடுத்துக்கொண்டு, முக்காடு இடும் நம் முஸ்லிம் சகோதரிகளைக் குறைசொல்லப் புறப்படுபவர்கள் அந்தத் தேசத்தின் சரித்திரத்தையே பாதிதான் படித்திருக்கிறார்கள். 1936 ஜனவரியில் மன்னர் ரேசா ஷா முகத்திரைக்கும் முக்காட்டுக்கும் தடை விதித்தபோது, போலீசார் வீதியில் பெண்களின் தலையிலிருந்து துணியைப் பிடுங்கினார்கள். அவமானத்துக்கு அஞ்சி எத்தனையோ பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். 1979-இல் ஆட்சி மாறியது. சில ஆண்டுகளில், துணி அணியாதவளுக்கு 74 சவுக்கடி என்று சட்டம் எழுதப்பட்டது. பாட்டியின் தலையிலிருந்து பிடுங்கிய அரசும் பேத்தியின் தலையில் கட்டிய அரசும், பெண்ணின் தலை தன்னுடைய அதிகாரத்துக்கு உட்பட்ட பிரதேசம் என்பதில் ஒருமித்தே இருந்தன. அண்டை மாநிலமான கர்நாடகத்தில் 2022 பிப்ரவரியில், பரீட்சை நெருங்கும் காலத்தில், கல்லூரி வாசலிலேயே மாணவிகள் துணியைக் கழற்ற நிர்ப்பந்திக்கப்பட்டதும், மறுத்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டதும் நாம் பார்த்ததுதான். இது பற்றிய வழக்கில் அவ்வாண்டு அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் இருவேறு தீர்ப்பளித்தார்கள். அல்மாட்டியில் கழற்றியவருக்காகக் கைதட்டும் நான், கர்நாடகத்து உடுப்பியில் கழற்ற மறுத்த மாணவிக்காகவும் கைதட்டக் கடமைப்பட்டவன். 2018-இல், ஈரானின் ஹமதான் நகரில் நடக்கவிருந்த ஆசியச் சதுரங்கப் போட்டிக்குத் துணி கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று இந்திய அணியிலிருந்தே விலகிய புனே நகரத்துச் சௌம்யா சுவாமிநாதன் நின்ற இடமும் இதுவேதான்: என் தலையில் என்ன இருக்கவேண்டும் என்று இன்னொருவர் ஆணையிடக்கூடாது.

ஆணைகள் எப்போதும் ஆணையின் குரலில் வருவதில்லை. பெரும்பாலும் அவை பாதுகாப்பு என்ற மிருதுவான சொல்லை உடுத்தியே வருகின்றன. பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்யலாகாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவும் அந்தச் சொல்லைக் கொண்டே எழுதப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் நம் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்து, காவலும் வாகனமும் ஏற்பாடு செய்வது முதலாளியின் பொறுப்பு என்று உணர்த்தியது. தரமணியில் ஐ.டி. வளாகமான டைடல் பார்க் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இன்று நள்ளிரவில் எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சிக்னலில் வந்து நிற்கும் கம்பெனி வண்டிகளில் பெண்கள் பலர் இருக்கிறார்கள்.

நான் முன்பு சொன்ன என் மனைவியின் தங்கை மகளும் அவ்விதம் ஓர் இரவு வேலை முடிந்து, வண்டி தாமதமானதால், பத்து மணி இருபது நிமிஷத்துக்கு ஹாஸ்டல் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். கேட் பத்து மணிக்குப் பூட்டப்பட்டிருந்தது. வாட்ச்மேன் வார்டனை எழுப்ப, வார்டன் பதிவேட்டில் எண்ணைத் தேடி, அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உறங்கிக்கொண்டிருந்த தந்தையை எழுப்பி, மகள் இத்தனை மணிக்கு வருவது அவருக்குத் தெரியுமா என்று கேட்டு, அவர் பதறி, மகளோடு பேசி, மறுபடி வார்டனோடு பேசி, கேட் திறக்க நாற்பது நிமிஷமாயிற்று. அதுவரை அவள் தெருவிளக்கில்லாத அந்தச் சந்தில், நாய்களோடு தனியே நின்றாள்.

மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே சொன்னாள்: “பாதுகாப்புக்குத்தான் பூட்டுறாங்களாம், பெரியப்பா. அப்ப வெளியில நின்னேனே நாப்பது நிமிஷம், அது யார் பாதுகாப்பு?”

அவளுக்குத் தரமணியில் பிடித்தது எது என்று முன்பொரு சமயம் கேட்டிருக்கிறேன். சம்பளத்தைச் சொல்வாள், கடற்கரையைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு லிங்க் ரோட்டில் ஒரு பேக்கரியில் தனியாக நின்று டீயும் முட்டை பப்ஸும் சாப்பிடுவதைச் சொன்னாள். “எங்க போற, யார்கூடப் போற, எப்ப வருவன்னு இங்க யாரும் கேக்க மாட்டாங்க பெரியப்பா.” ஸ்பெயின் தேசத்து வீதியொன்றில் குழந்தையோடு நடந்த அந்தத் தாய்க்கு இது மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியிருக்கும்.

ஹாஸ்டல் நடத்துபவர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. பதினெட்டு வயது கடந்து, சம்பாதித்து, வாடகையும் முன்பணமும் தன் கையால் கொடுக்கிற பெண்ணிடம் வாசற்கதவின் சாவியைக் கொடுங்கள். சந்தில் விளக்குப் போடச் சொல்லி மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள். இரவுக் காவலரை வைத்துக்கொள்ளுங்கள், அவர் வருகிறவளுக்குக் கதவு திறப்பதற்காக. பெற்றோர் விரும்புவதாலேயே பூட்டுகிறோம் என்பீர்களானால், அந்தப் பெற்றோரோடு பேசும் தைரியமும் உங்கள் தொழிலைச் சேர்ந்ததே.

அவள் போன மாதம் வேறு ஹாஸ்டலுக்கு மாறிவிட்டாள். அங்கே ஒவ்வொருத்திக்கும் தனிச் சாவி. சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், பிடரியில் துப்பட்டா முடிச்சை ஒரு கையால் அவிழ்த்தபடியே, மறுகையிலிருந்த ஸ்கூட்டிச் சாவிக் கொத்தைத் தூக்கிக் காட்டினாள்; அதில் புதிதாகக் கோத்த சிறிய பித்தளைச் சாவி ஒன்று தொங்கியது. அதற்காக மாதம் 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறாளாம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.