ஈயத்தில் வார்த்த கிறுக்கல்

கையால் எழுதியது போன்ற எழுத்துருக்கள் கம்ப்யூட்டரில் மலிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவற்றில் கை மட்டும்தான் இல்லை. எழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, நுனியைச் சுருட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். இந்த வகையில் உருப்படியான வேலை எது என்று கேட்டால், 1953-ல் வந்த மிஸ்ட்ரலைத்தான் சொல்வேன்.

பிரான்சின் மார்செய் நகரில் ஒலிவ் என்றொரு அச்செழுத்து வார்ப்படச் சாலை இருந்தது. அதற்காக மிஸ்ட்ரலை வடிவமைத்தவர் ரோஜே எக்ஸ்கோஃபோன். (1968-ல் கிரெனோபிள் குளிர்கால ஒலிம்பிக்கின் சின்னத்தை வரைந்தவரும் இவரே.) மாதிரிக்கு அவர் எடுத்துக்கொண்டது சொந்தக் கையெழுத்தை. பார்த்தால் அவசரத்தில் குறிப்பெழுதிய மாதிரிதான் இருக்கும். ஓரமெல்லாம் சொரசொரப்பு, கோடு ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் இளைக்கும்.

அது ஈய எழுத்துக் காலம் என்பதை மறக்கக் கூடாது. ரோமன் எழுத்தைக் கூட்டெழுத்தாக எழுதும்போது சொல் முடியும்வரை பேனா எழும்புவதில்லை. அச்சுக்கோப்பவர் கையில் இருப்பதோ தனித்தனிக் கட்டைகள். ஓர் எழுத்தின் வால் கட்டையின் வலது ஓரத்தில் எந்த உயரத்தில் முடிகிறதோ, அடுத்த எழுத்து இடது ஓரத்தில் அதே உயரத்தில் தொடங்க வேண்டும். இருபத்தாறில் எது எதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் கோடு அறுபடக் கூடாது. அதற்காக எல்லாவற்றையும் ஒரே சீராக வார்த்தால், நாலு கோடு நோட்டில் பிள்ளைகள் எழுதியது போல ஆகிவிடும். எக்ஸ்கோஃபோன் இணைப்பையும் காப்பாற்றினார், கிறுக்கலையும் காப்பாற்றினார். எனக்கு அதில் இன்றும் ஆச்சரியம்தான்.

பிறகு அது பிரான்சின் கடைப் பலகைகளில் ஏறியது; மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு உலகமெங்கும் போனது. 2011-ல் வந்த ‘டிரைவ்’ படத்தின் பெயர் இளஞ்சிவப்பு மிஸ்ட்ரலில்தான் ஓடும்.

பெரிய அளவில் இரண்டு மூன்று சொல். அதற்குத்தான் இவ்வகை எழுத்து. முழுப் பத்தியை இதில் அடித்தால் கண் வலிக்கும். எல்லாவற்றையும் கேப்பிடல் எழுத்தில் போட்டாலோ படிக்கவே முடியாது. இன்னொரு குறையும் உண்டு: ஒரே சொல்லில் ஓர் எழுத்து இரண்டு முறை வந்தால் இரண்டும் அச்சு அசலாக இருந்து குட்டை உடைத்துவிடும். எந்தக் கையும் அப்படி எழுதாது. நல்ல புதிய எழுத்துருக்களில் ஓர் எழுத்துக்கே இரண்டு மூன்று வடிவம் வைத்து மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்.

தமிழில் எழுத்துகள் கைகோத்துக்கொள்வதில்லை. ஆகவே அந்த இணைப்புத் தலைவலி நமக்கு இல்லை. சாய்விலும் சுழியிலும்தான் கையைக் காட்டியாக வேண்டும். இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவாணர்’ அதை நன்றாகவே செய்கிறது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது.

அழைப்பிதழ் தயாரிக்கும் டி.டி.பி. நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணமக்கள் பெயரை எந்தக் கையெழுத்தில் வேண்டுமானாலும் போடுங்கள். முகூர்த்த நேரத்தையும் மண்டபத்துக்கு வழியையும் மட்டும் சாதாரண எழுத்தில், கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பும் பெரியப்பாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள்.