கல்லீரலுக்குக் காப்பு எது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேசைக்குப் போகாத உருப்படி பெட்டிக்குள் போவதில்லை. "நல்ல நேரம் பார்த்துத் தைத்தோம், ஓட்டை இருக்காது" என்றால் முதலாளி ஒப்புக்கொள்வாரா என்று கேட்கிறோம். தன் கல்லீரல் விஷயத்தில் மாத்திரம் மனிதன் மந்திரித்த கயிற்றையும், "ஈரல் சுத்தி" லேகியத்தையும் நம்புகிறான்!

நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்னும் இரத்தப் புற்றுக்கு 2001-ம் வருஷம் முதல் இமாட்டினிப் மாத்திரை வழங்கிவருகிறது. அதனால் அநேகர் வருஷக்கணக்காய் உயிரோடிருந்து வேலைக்கும் போகிறார்கள். அது ஏழைக்கு எட்டியதும் எந்தச் சாமியின் கருணையாலுமல்ல. நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையைச் சென்னை அலுவலகம் 2006-லும், சுப்ரீம் கோர்ட் 2013-லும் மறுத்தபடியால், மலிவு மாத்திரைக்கு வழி அடைபடவில்லை.

நிற்க, அம்மாத்திரையைப் பெரும்பாலும் கரைத்துக் கழிப்பது கல்லீரலே. சிலருக்கு அது பழுதுபடலாம். அப்பழுது இரத்தச் சோதனையில் முதலில் தெரியும். கண் மஞ்சளாவது பிந்தித்தான். ஆகவே, மாத்திரை தொடங்குமுன்னும், பின்பு மாதாமாதமோ டாக்டர் சொல்லும் காலத்திலோ சோதிப்பதே காப்பு. சாராயம் கூடாது. கேட்காமல் பாரசிட்டமாலும் வேண்டாம். "பச்சிலைதானே" என்று சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் கெட்டதை மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதியிருக்கிறார்கள்.

கோளாறு கண்டால் டாக்டர் அளவைக் குறைப்பார், சிலநாள் நிறுத்துவார், அல்லது மருந்தை மாற்றுவார். தானாய் நிறுத்துகிறவனுக்கோ நோய் திரும்பிவிடக்கூடும்.

தோழர்களே! சோதனைக்குப் போனால் அரைநாள் கூலி போகும் என்பது மெய்யே. 1948-ம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டம் வைத்தியத்தைத் தர்மமாய் அல்ல, உரிமையாய் வைத்தது. அதைக் கேட்டு வாங்குங்கள். கயிற்றை அறுத்தெறிந்துவிட்டுக் கையை ஊசிக்கு நீட்டுங்கள் என்றே சொல்லுகிறோம்.