மருந்துக்கு முன்னால் தடங்காட்டி

2022 ஆகஸ்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இரண்டு ஆய்வு முடிவுகள் வெளிவந்தன. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் திரண்டு நிற்கும் ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதத்தைக் குறிவைத்து உருவாக்கப்பட்ட சின்பனமாப், பிரசினசுமாப் என்ற மருந்துகள் பற்றியவை அவை. முதல் மருந்தின் சோதனையில் 357 பேர், இரண்டாவதில் 316 பேர். ஓராண்டு முடிவில் இரண்டுமே வெற்று மருந்தைவிட மேலான பலன் எதையும் காட்டவில்லை.

மருந்து தோற்பது மருத்துவத்தில் புதிதல்ல. ஏன் தோற்றது என்று சொல்ல முடியாமல் போனதுதான் பெரிய இழப்பு. மருந்து மூளைக்குள் போதிய அளவு சென்று சேரவில்லையா? சேர்ந்தும் புரதத்தை அகற்றவில்லையா? அகற்றியும் நோய் நிற்கவில்லையா? முதல் இரண்டில் ஒன்று காரணமென்றால் மருந்தைத் திருத்தலாம்; மூன்றாவது காரணமென்றால் கோட்பாட்டையே திருத்த வேண்டும். உயிரோடிருக்கும் மனிதரின் மூளையில் அந்தப் புரதத்தைக் காட்டும் ஸ்கேன் இல்லாததால், நூற்றுக்கணக்கான நோயாளிகள் ஓராண்டு தந்த ஒத்துழைப்பிலிருந்து இந்த அடிப்படைக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. பார்க்கின்சனுக்கு எடுக்கப்படும் டோப்பமின் ஸ்கேன் நரம்பு முனைகள் அழிந்திருப்பதைத்தான் காட்டும். அழித்தது எது என்பதை அது காட்டாது.

அல்சைமரும் ஒரு காலத்தில் இதே நிலையில்தான் இருந்தது. 1906இல் அலாய்ஸ் அல்சைமர், இறந்துபோன தன் நோயாளியின் மூளைத் திசுவுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்து, இன்று அமிலாய்ட் என அறியப்படும் புரதப் படிவுகளை விவரித்தார். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள், நோயை உறுதிசெய்ய பிரேதப் பரிசோதனையைத் தவிர வேறு வழியில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் வில்லியம் கிளங்க்கும் வேதியியலாளர் செஸ்டர் மேத்திஸும் சேர்ந்து இதை மாற்றினார்கள். அமிலாய்ட் படிவில் ஒட்டிக்கொள்ளும் சாயங்கள் முன்பே தெரிந்தவை. தையோஃபிளேவின் அவற்றில் ஒன்று. ஆனால் அதன் மூலக்கூறு மின்னேற்றம் கொண்டது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவேயுள்ள தடுப்பை அதனால் தாண்ட முடியாது. அந்த மின்னேற்றத்தை நீக்கி, கதிரியக்கக் கார்பன்–11 அணுவைப் பொருத்தி அவர்கள் உருவாக்கியதுதான் ‘பிட்ஸ்பர்க் காம்பவுண்ட் பி’ என்ற தடங்காட்டி, அதாவது படிவில் ஒட்டிக்கொண்டு அதை ஸ்கேனில் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறு. சொல்ல ஒரு வரி; செய்ய அவர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

2002 பிப்ரவரியில் ஸ்வீடனின் உப்சாலா நகரில் முதல் நோயாளிக்கு அது செலுத்தப்பட்டது. அந்தப் பணியில் முன்னின்றவர் ஹென்றி எங்லர். உருகுவேயின் ராணுவ ஆட்சியில் பதின்மூன்று ஆண்டுகள் சிறையில் வதைபட்டவர்; பின்னாளில் அந்நாட்டு அதிபரான ஹோசே முஹிகாவின் தோழர். விடுதலையான பின் ஸ்வீடனுக்குப் போய் மருத்துவப் படிப்பை முடித்தவர், உயிருள்ள மனித மூளையில் அமிலாய்ட் ஒளிர்வதை முதலில் கண்டவர்களில் ஒருவரானார். கட்டுரைக்குத் தேவையோ இல்லையோ, இதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

கார்பன்–11இன் அரை ஆயுள் இருபது நிமிடம். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் உருவாகும் கணத்திலிருந்து அது கரையத் தொடங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்குள் ஈயச் சுவருக்குப் பின்னால் வேதிவினையை முடித்து, தூய்மைப்படுத்தி, தரம் பார்த்து, பக்கத்து அறையில் படுத்திருப்பவரின் நரம்பில் ஏற்ற வேண்டும். சொந்தமாக சைக்ளோட்ரான் இல்லாத மருத்துவமனைக்கு இது எட்டாக்கனி. அதனால்தான் 110 நிமிட அரை ஆயுள் கொண்ட ஃபுளோரின்–18க்கு மாறினார்கள். ஓரிடத்தில் தயாரித்து வேறு ஊருக்கு வண்டியில் அனுப்ப முடிந்தது. 2012இல் அமிலாய்டைக் காட்டும் புளோர்பெட்டாபிர் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அல்சைமர் மூளையில் திரளும் இன்னொரு புரதமான டௌவைக் காட்டும் புளோர்டாசிபிர் 2020இல் வந்தது.

விளைவு என்ன? பாபினூசுமாப் என்ற அல்சைமர் மருந்தின் சோதனையில், ஏபிஓஇ–4 என்ற மரபணு வகை இல்லாதவர்களில் ஸ்கேன் எடுக்கப்பட்டோரில் மூன்றில் ஒருவருக்கு மேல் மூளையில் அமிலாய்டே போதிய அளவு இல்லை என்பது தெரியவந்தது. அல்சைமர் இல்லாதவர்களுக்கு அல்சைமர் மருந்து கொடுத்துவிட்டுப் பலன் இல்லையே என்று ஆராய்ந்திருக்கிறார்கள். அதன்பின் வந்த லெக்கனமாப், டொனனமாப் சோதனைகளில் அமிலாய்ட் இருப்பதை உறுதிசெய்த பிறகே ஆட்களைச் சேர்த்தார்கள். டொனனமாப் சோதனையில் படிவு நீங்கியதை ஸ்கேனில் பார்த்து மருந்தையே நிறுத்தினார்கள். இவற்றின் பலன் மிதமானதுதான். நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன, அவ்வளவே. ஆனாலும் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பது இப்போது தெரிகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2021இல் அடுகனுமாப் என்ற அல்சைமர் மருந்து, நோயாளிக்கு நன்மை தெளிவாக நிரூபணமாகாத நிலையில், ஸ்கேனில் அமிலாய்ட் குறைந்ததை முதன்மை ஆதாரமாகக் கொண்டு விரைவு அனுமதி பெற்றது. நிபுணர் குழு எதிர்த்தும் அது நடந்தது. 2024 ஜனவரியில் அதைக் கைவிடுவதாக அதன் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. படம் தெளிவாவதும் நினைவு திரும்புவதும் ஒன்றல்ல. தடங்காட்டியும் தவறலாம். டௌ புரதத்துக்கென வந்த டிஎச்கே–5351, மூளையிலுள்ள மோனோஅமைன் ஆக்ஸிடேஸ்–பி என்ற நொதியிலும் பெருமளவில் ஒட்டிக்கொள்வது 2017இல் தெரிந்தது. அதுவரை எடுத்த படங்களை மறுபடி சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதாயிற்று.

ஆல்ஃபா சினூக்ளினில் சிக்கல் இன்னும் ஆழமானது. அமிலாய்டைவிட அதன் திரள் மிகக் குறைவு. பெரும்பகுதி செல்லுக்கு உள்ளே இருக்கிறது. அதே மூளையில் அமிலாய்டும் டௌவும் கூடவே இருக்கலாம். மூன்றின் இழைகளும் அடுக்கமைப்பில் ஒன்றையொன்று ஒத்தவை. போதாததற்கு, பார்க்கின்சனில் காணும் இழையும், மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி என்ற இன்னொரு நோயில் காணும் இழையும் ஒரே புரதத்தின் வெவ்வேறு மடிப்புகள். 2023இல் வெளியான ஏசிஐ–12589 என்ற தடங்காட்டியின் முடிவுகளில் இந்த இரண்டாவது நோய் உள்ளவர்களின் சிறுமூளையில் புரதத் திரள் தெளிவாகத் தெரிந்தது. பார்க்கின்சனில் அப்படித் தெரியவில்லை. பாதிக் கதவு திறந்திருக்கிறது. ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயோடு பிணைந்த டிடிபி–43 புரதத்துக்கு அந்த அளவுகூட இல்லை.

வேதியியலில் இருக்கும் கஷ்டத்தைத் திறமையால் வெல்லலாம். எனக்குக் கவலை பணத்தைப் பற்றியது. தடங்காட்டி மைக்ரோகிராம் அளவில், ஒரு நோயாளிக்கு ஒன்றிரண்டு முறை செலுத்தப்படுவது. தினமும் விழுங்கும் மாத்திரைபோல அது விற்காது. அமெரிக்காவிலேயே 2012இல் அனுமதி பெற்ற அமிலாய்ட் ஸ்கேனுக்கு அரசுக் காப்பீடு பரவலாகக் கிடைக்க 2023 அக்டோபர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே சந்தையை நம்பி இதை விட்டுவைக்க முடியாது. மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளை 2016இல் சினூக்ளின் தடங்காட்டிக்கு 20 லட்சம் டாலர் பரிசு அறிவித்தபோது, கண்டுபிடிப்பை மற்ற ஆய்வாளர்களோடு பகிர வேண்டும் என்றும் கேட்டது. சரியான நிபந்தனை அது. பொதுப்பணம் பெறும் எந்தத் தடங்காட்டிக்கும் இதையே விதியாக்க வேண்டும்.

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்வதாக 2023இல் வெளியான ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. புதிய தடங்காட்டி எதுவாயினும், மனிதருக்குச் செலுத்தும் முன், இறந்தவர் தானமாகத் தந்த மூளையின் மெல்லிய சீவல்மீது சோதிக்கப்படுகிறது. கண்ணாடித் தகட்டில் ஒட்டிய அந்தச் சீவலில், நோய் உள்ள இடத்தில் மட்டும் அது ஒட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். அங்கே தேறாத மூலக்கூறு அத்தோடு கைவிடப்படும். நம் மக்களின் மூளையில் என்ன இருக்கிறது என்று தெரிய, நம் மக்களின் மூளைகள் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸில் மூளைத் திசு வங்கி பல ஆண்டுகளாக இயங்குகிறது.

கண்தானம் செய்ய நாம் பழகிவிட்டோம். மூளைத் தானத்தைப் பற்றி வீட்டில் பேசவே தயங்குகிறோம். இறந்த சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டியது என்பதால் துக்க வீட்டில் முடிவெடுக்க நேரம் இருக்காது. பார்க்கின்சனோ மறதிநோயோ உள்ள ஒருவரைக் கவனித்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள், அவர் தன் விருப்பத்தைச் சொல்லும் நிலையில் இருக்கும்போதே இதைப் பற்றி அவரிடம் கேட்டு, மருத்துவரிடம் பேசிப் பதிவு செய்துவைக்க வேண்டுகிறேன்.