ஸ்கேனுக்கு இல்லாத காப்பீடு

முதுமையில் கல்லீரல் அறுவை சிகிச்சை ஆகாது என்னும் தயக்கம் மருத்துவ உலகில் தளர்ந்துவருகிறது. வயிற்றை அகலத் திறக்காமல், சிறு துளைகளின் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்திக் கட்டியை அகற்றும் லேப்ராஸ்கோபி முறை அதற்கு ஒரு காரணம். பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் புற்றுநோய் பரவிய 280 பேரிடம் ஆஸ்லோவில் நடத்தப்பட்ட ஆய்வு 2018இல் வெளியானது. திறந்த அறுவையில் 31 விழுக்காட்டினருக்கு நேர்ந்த சிக்கல்கள், நுண்துளை முறையில் 19 விழுக்காட்டினருக்கே நேர்ந்தன. மருத்துவமனையில் தங்கும் நேரமும் 96 மணியிலிருந்து 53 மணியாகக் குறைந்தது. தளர்ந்த உடலுக்கு இது சிறு ஆதாயமன்று.

இந்த ஆதாயம் யாரைச் சேரும்? 2024 அக்டோபர் முதல் 70 வயது நிறைந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீட்டை ஒன்றிய அரசு அளிக்கிறது. ஒன்பது மாநிலங்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வோ, தலித்துகளின் ஆயுட்காலம் உயர்சாதி இந்துக்களுடையதைவிட 3 ஆண்டுகளுக்கும் மேல் குறைவு என்றது. ஊரகப் பட்டியல் சாதிக் குடும்பங்கள் 2018 முதலே இத்திட்டத்துக்குள் வருகின்றன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆகவே சிக்கல் அட்டையில் இல்லை. கட்டி எப்போது கண்டறியப்படுகிறது என்பதில் உள்ளது. காப்பீடு உள்நோயாளிக்கே பணம் தருகிறது. கட்டி சிறிதாக இருக்கும்போதே காட்டிக்கொடுக்கும் ஸ்கேனோ புறநோயாளிப் பிரிவில் நடப்பது. ஆபத்துள்ளோர் அதை 6 மாதங்களுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். முற்றிய நிலையில் வருபவருக்கு எந்தத் துளை வழியாகவும் அறுவை செய்ய இயலாமற்போகலாம்.

கல்லீரல் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று ஹெபடைடிஸ் பி. இன்றைய முதியோர் பிறந்தபோது அதற்குத் தடுப்பூசியே கிடையாது. குப்பையில் கிடக்கும் ஊசிகளை வெறுங்கையால் அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கு இந்த ஆபத்து பணியோடு வந்தது. அவர்களுள் பெரும்பாலோர் எந்தச் சாதியினர் என்பதை இங்கு விளக்கத் தேவையில்லை.

சட்டத்தில் வழி இருக்கிறது. அஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்குப் பின்னும் தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் கூற்றின் பாதுகாப்புக்கு உரியது என்றது. பணியில் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை மருத்துவப் பதிவேட்டைப் பேணவும் ஆணையிட்டது. இந்தக் கடமையை உள்ளாட்சிகள் தூய்மைப் பணியாளர்களுக்கும் ஏற்க வேண்டுமென்பதே நம் வாதம். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் தொழிலாளியின் பணி வரலாறு அழிந்துபோவதால், பதிவேடு மாநகராட்சியின் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும். ஹெபடைடிஸ் பரிசோதனையையும் ஸ்கேனையும் ஊதியத்துடன் கூடிய விடுப்பில் செய்துகொள்ளும் உரிமையை அடுத்த ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனையாகவே கோரலாம்.