நோட்டு இருக்கிறது, டீச்சர் இல்லை



போன ஜூன் மாதம் இந்தப் பக்கத்தில் நோட்டுப் புத்தகம் கேட்டிருந்தேன். ஆலங்காயம் கடைத்தெருவிலிருந்தும் மலை ஊர்களிலிருந்தும் வாசகர்களாகிய நீங்கள் மனமாரக் கொடுத்ததில் பதினொரு கட்டு சேர்ந்தது. வண்டி பிடித்து, வாணியம்பாடி வழியாகக் கீழே இறங்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றின் மாலை வகுப்புக்குக் கொண்டுபோனோம். கொட்டகை பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

“படிப்பிச்ச பிள்ளை இப்ப ஷூ கம்பெனிக்குப் போகுது தம்பி. சம்பளம் நிண்டு நாலு மாசம். அதுவும் என்ன செய்யும்?”

ஏழு மணிக்கு, வகுப்பு எடுத்துவந்த அந்தப் பெண் வந்தார். முகாமிலேயே பிறந்து பி.காம். முடித்தவர். காலையில் போன கம்பெனி பஸ் அப்போதுதான் இறக்கிவிட்டிருந்தது. விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது. கொட்டகைச் சாவி இன்னும் அவரிடம்தான் இருந்தது. திறந்து, கட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி, பீரோவில் அடுக்கினார். “நோட்டு வீணாகாது சார். வகுப்பு ஆரம்பிச்சதும் எடுத்துக்கலாம்” என்றார். கரும்பலகையில் நாலு மாதத்துக்கு முன் எழுதிய வாய்ப்பாடு, ஏழாம் வாய்ப்பாடு, பாதியில் நின்றிருந்தது.

அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன். ஏதிலிகளுக்காக, அதாவது அகதிகளுக்காக, ஒரு தொண்டு நிறுவனம் நடத்துவது என்றால் என்ன, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, ஏன் நின்றுபோகிறது என்பதை நாம் தெரிந்துகொள்ளாமல் நோட்டு மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது சரியில்லை.

இந்த மாலை வகுப்புகளின் வேரைத் தேடினால் அது வியட்நாம் கடலுக்குப் போகிறது. 1975-இல் சைகோன் வீழ்ந்தபின் லட்சக்கணக்கான வியட்நாமியர் படகேறினார்கள். அந்தப் படகு மக்களின் துன்பத்தைக் கேட்டுக் கலங்கிய இயேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே, 1979 கிறிஸ்துமஸ் சமயத்தில் தம் சபையாருக்குத் தந்தி அனுப்பி உதவி கேட்டார். 1980 நவம்பர் 14-இல் ‘இயேசு சபை அகதிகள் பணி’ தொடங்கியது. அதே அமைப்பு பின்னாளில் தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்து, பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு சொல்லித் தந்தது. சொல்லித் தந்தவர்களில் பெரும்பாலோர் முகாமிலேயே படித்து வளர்ந்த பிள்ளைகள்.

ஏதிலிகளுக்காக ஏதிலிகளே நடத்தும் அமைப்பு என்றால் முதலில் சொல்ல வேண்டியது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தனுஷ்கோடிக் கரையில் ஜனம் வந்து இறங்கிய காலம். ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் 1984-இல் சென்னையில் இதைத் தொடங்கினார். அவரும் ஏதிலிதான். அடுத்த ஆண்டே அவரை நாடு கடத்த உத்தரவு வந்தது, தமிழ்நாடு கொதித்தது, உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 1991-இல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் போவதே கடினமாயிற்று. பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கும் அப்போது இடி விழுந்தது. இத்தனைக்கும் நடுவில் இந்த அமைப்பு படிப்பு, சத்துணவு, மனநல ஆலோசனை என்று முகாமுக்குள்ளேயே ஆட்களைப் பழக்கியது. 2004-இல் சுனாமி வந்தபோது, அப்படிப் பழகிய முகாம்வாசிகள் நாகப்பட்டினம் போய், வீடிழந்த மீனவர்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். உதவி வாங்குகிறவர்கள் என்று மட்டுமே நாம் நினைத்திருந்த மக்கள், நம் ஜனங்களுக்குக் கை கொடுத்தார்கள். இதை ஒருநாளும் மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

சரி, பணம்? இலங்கையில் போர் நடந்த காலத்தில் வெளிநாட்டு உதவி வந்தது. 2009-இல் போர் முடிந்ததும் உலகத்தின் கண் வேறு பக்கம் திரும்பியது. முகாம் மட்டும் அப்படியே இருந்தது. வெளிநாட்டுப் பணத்துக்கான சட்டம் 2020-இல் திருத்தப்பட்டது. அதுவரை வரும் தொகையில் 50 சதவீதம் வரை நிர்வாகத்துக்குச் செலவழிக்கலாம் என்று இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு 20 சதவீதம்தான். அலுவலக வாடகை, கரண்ட் பில், கணக்கெழுதுகிறவர் சம்பளம் எல்லாம் அந்த இருபதுக்குள் அடங்க வேண்டும். பெரிய நிறுவனம் வாங்கி, சின்ன அமைப்புக்குப் பகிர்ந்து தருவதும் நின்றது. மாவட்டத்துக்குள் இயங்கும் சின்ன அமைப்புகளுக்கு இதுதான் பெரிய அடி. கணக்கு நேராக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கணக்கை நேராக எழுதவே ஓர் ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறதே என்பீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 5 கோடி ரூபாய் லாபம் பார்க்கும் கம்பெனிகூட மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். பணம் உண்டு. நான் பார்த்தவரை, கட்டடமும் கம்ப்யூட்டரும் வாங்க அது தாராளமாக வரும்; மாதாமாதம் ஒருவருக்குச் சம்பளம் என்றால் கை இழுத்துக்கொள்ளும். கட்டடத்தில் பெயர்ப் பலகை மாட்டலாம். டீச்சர் சம்பளத்தில் எதை மாட்டுவது?

அரசு செய்வதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 27 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார். 7,469 வீடுகள் புதிதாகக் கட்டித் தருவது அதில் பெரிய பகுதி. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் அப்போதுதான் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. நம் பக்கத்து வேலூர் மேல்மொணவூர் முகாமில்தான் அந்த நவம்பரில் திட்டம் தொடங்கியது. பத்துக்குப் பத்து அடியில் ஒரு தலைமுறை வளர்ந்த மக்களுக்கு அது பெரிய காரியம். ஆனால் மாலையில் உட்காரவைத்துக் கணக்கு சொல்லித் தருவது வீட்டுத் திட்டத்தில் வராது. அதை ஒரு மனிதர் செய்ய வேண்டும்.

அமெரிக்காவுக்குப் போன வியட்நாமியர் கதை இங்கே நமக்குப் பாடம். 1980 அகதிகள் சட்டப்படி முதலில் 36 மாதம் கிடைத்த உதவித்தொகை, 1991-க்குள் 8 மாதமாகச் சுருங்கியது. அரசுப் பணத்தை மட்டும் நம்பியிருந்த அவர்களுடைய உதவிச் சங்கங்கள் ஆட்டங்கண்டன. தம் சனத்தின் கைக்காசையும் சேர்த்து வைத்திருந்தவற்றுக்குப் பிடிப்பு இருந்தது. தெற்குக் கலிபோர்னியாவில் வியட்நாம் மாணவர் சங்கங்களின் ஒன்றியம் ஆண்டுதோறும் டெட் புத்தாண்டு விழா நடத்தி, அதில் வரும் பணத்தைச் சமூக வேலைகளுக்குத் திருப்பித் தருகிறது. அவர்களிடம் ‘ஹுய்’ என்று ஒரு பழக்கம் உண்டு: ஆளுக்குக் கொஞ்சம் மாதாமாதம் போட்டு, முறை வைத்து எடுப்பது. நம் சீட்டேதான். அதில் எத்தனையோ பேர் கடை திறந்தார்கள்.

நமக்குச் சீட்டு கட்டத் தெரியாதா? சாமை விற்ற காசிலும் பால் ஊற்றிய காசிலும் மாதம் தவறாமல் சீட்டு கட்டும் பெண்கள் நம் வாசகிகளிலேயே இருக்கிறார்கள். ஒருமுறை தரும் பத்தாயிரத்தைவிட, மாதம் தவறாமல் வரும் நூறு ரூபாய் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பெரிது. அடுத்த மாதமும் சம்பளம் உண்டு என்று அதை வைத்து ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுக்கலாம். அந்த வாக்கு இருந்திருந்தால் முகாமில் நான் பார்த்த பெண் ஷூ கம்பெனிக்குப் போயிருக்க மாட்டார்.

ஆகவே இந்த ஆண்டு நான் கேட்பது வேறு. மாதம் நூறு ரூபாய், ஒரு வருடத்துக்கு. முகாமில் வேலை செய்ய முறையான அனுமதி பெற்ற, பதிவுள்ள அமைப்பு ஒன்றுக்கு அது நேராகப் போகும். நம் இதழ் நடுவில் ஒரு காசும் தொடாது. ‘இந்தப் பணம் டீச்சர் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும்’ என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். வருமான வரிச் சலுகை வேண்டுவோர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகத் தாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு கேளுங்கள்; நல்ல அமைப்பு அதற்குக் கோபித்துக்கொள்ளாது.

நூறு பேர் சேர்ந்தால் மாதம் பத்தாயிரம். அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டேன். மாலை வகுப்புக்கு இரண்டு மணி நேரம், வாரம் ஆறு நாள், வரத் தயார் என்கிறார். பள்ளி திறக்கும் முன் உங்கள் பெயரை எழுதி அனுப்புங்கள். நோட்டு இந்த முறை வேண்டாம். போன வருடம் நீங்கள் தந்த பதினொரு கட்டும் பிரிக்காமல் அந்த பீரோவில்தான் இருக்கின்றன.

அன்புடன்,
ஆசிரியர்