மன்னிக்கப்பட்ட மகன்

'லா காஜ் ஓ ஃபோல்' என்னும் பிரெஞ்சுத் திரைப்படத்தைப் பற்றி இருவகைக் கண்டனங்கள் எழுவதுண்டு. ஒழுக்கத்தின் காவலர் அதனை ஆபாசம் என்பர். முற்போக்காளரோ, தற்பாலுறவினரைக் கோமாளிகளாக்கி இழிவுபடுத்துகிறது என்பர். முன்னவர்க்கு மறுமொழி வேண்டியதில்லை. பின்னவர் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. எனினும் அவர்களும் குற்றத்தைத் தவறான இடத்திலேயே தேடுகின்றனர் என்பது என் வாதம்.

ழான் புவாறே எழுதி 1973இல் பாரிஸில் மேடையேறிய நாடகத்தை எடுவார் மொலினாறோ 1978இல் திரைப்படமாக்கினார். சென் ட்றொப்பேயில் இரவு விடுதி நடத்தும் றெனாட்டோவும், அங்கே பெண்வேடத்தில் ஆடிப்பாடும் அல்பினும் நெடுங்காலம் இணைந்து வாழ்பவர்கள். றெனாட்டோவின் மகன் லோறன் மணக்க விரும்பும் பெண்ணின் தந்தை, ஒழுக்கத்தை நிலைநாட்டப் புறப்பட்ட கட்சியொன்றின் முக்கியஸ்தர். அக்கட்சித் தலைவரோ விலைமாதொருத்தியின் படுக்கையில் உயிர்விட்டிருக்கிறார்! அந்த நாற்றத்தை மறைக்க, 'நல்ல குடும்ப'த்துத் திருமணமொன்று அவசரமாகத் தேவைப்படுகிறது.

அதற்காக மகன் கேட்பது என்ன? வீட்டின் அலங்காரங்கள் அகல வேண்டும். சிலுவை தொங்க வேண்டும். அல்பின் கண்ணிற் படலாகாது. தன்னை வளர்க்காத தாயை அழைத்து வந்து, வளர்த்தவரை ஒளித்துவைக்க வேண்டும். ஒரே ஓர் இரவுக்குத்தானே என்கிறான். ஓர் இரவுக்கு இல்லாதிருக்கும்படி ஒருவரைக் கேட்பது சிறிய காரியமா?

அல்பினுக்கு ஆண்மை பயிற்றும் காட்சியை நோக்குக. ரஸ்க்கில் வெண்ணெய் பூசுவதற்கும் ஆண்பிள்ளைத்தனமான முறையொன்று உண்டாம். ஜோன் வெய்னைப் போல நடக்கவும் வேண்டுமாம். நாம் சிரிக்கிறோம். பின்னர் அவர் கறுப்பு உடையணிந்து, 'மாமா'வாக வந்து அமர்கிறார். காலுறை மட்டும் இளஞ்சிவப்பு. தாம் தோற்றுவிட்டதை மற்றவர் முகங்களிலேயே அவர் படித்துக்கொள்கிறார். மிஷேல் செறோ அக்கணத்தில் எதையும் மிகைப்படுத்துவதில்லை. நானும் சிரித்தவன்தான், அவ்விடத்தில் என் சிரிப்பு நின்றுபோயிற்று. கோமாளியாக்கல் என்போர் இக்காட்சியை மறந்துவிடுகின்றனர்.

இது வெறும் நகைச்சுவைக் கற்பனையுமன்று. 1960இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் தற்பாலுறவைச் சமூகப் பீடைகளுள் ஒன்றாக வகுத்தது. விஷி ஆட்சி 1942இல் புகுத்திய பாரபட்சமான வயதெல்லை 1982 ஓகஸ்ட் வரை நீடித்தது. படம் வெளியான ஆண்டில் ஏனையோர்க்கு 15, இவர்களுக்கு 18. விருந்துக்கு வரும் அரசியல்வாதி கேலிச்சித்திரமாயினும் அவர் முதுகின் பின்னே சட்டம் நின்றது.

அவருக்குரிய தண்டனையைப் படம் தாராளமாகவே வழங்குகிறது. பத்திரிகையாளர் வாயிலில் காத்திருக்க, அவரே பெண்வேடம் பூண்டு அதே விடுதிக்கூடாகத் தப்பியோட நேர்கிறது. அற்புதமான அங்கதம்! ஆனால் லோறன்? அவனுக்குத் தேவாலயத்தில் திருமணம். அவன் இழந்தது எதுவுமில்லை.

பெற்றோர் பிள்ளையை மன்னிப்பது இயல்பே என்று நண்பரொருவர் வாதிட்டார். றெனாட்டோவும் அல்பினும் மன்னிக்கலாம். அஃது அவர்களின் உரிமை. அவர்கள் சார்பில் மன்னிக்கும் உரிமையை மொலினாறோவுக்கு யார் வழங்கினார்? எதிரியைச் சிரித்தே வீழ்த்தத் துணிந்த அவர், வீட்டுக்குள் இருந்தே 'நீ மறைந்துகொள்' என்றவனை ஏன் கேள்வி கேட்கத் தயங்கினார்? படத்தின்மேல் என் குற்றச்சாட்டு அதுவே. அந்தக் காலுறைகளின் மேலன்று.